அலுமினியத்துக்கு ஆகாத சோடா

இருபது வருடம் வார்ப்பிரும்போடு மல்லுக்கட்டிய மனுஷருக்கு உலகத்திலுள்ள உலோகமெல்லாம் இரும்பாகத்தான் தெரியும்போல. அமீர் ஹம்சாவின் கார் இன்ஜினிலிருந்து டேப்பட் கவரைக் கழற்றி வந்த திருமூர்த்தி, அந்த அலுமினிய மூடியைத் தன் வீட்டுப் பின்வாசலில் காஸ்டிக் சோடா கரைத்த வாளிக்குள் அமுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனார். அவர் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் இரும்பு பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை அப்படித்தான் எடுப்பார்கள். திரும்பி வந்தால் வாளி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. மூடி கரிச்சட்டி மாதிரிக் கருத்து, ஒரு மூலை சொறிசொறியாக அரித்திருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஹம்சா பாயின் மகள் அஃப்ராவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பெண்ணை அந்தப் பழைய வெள்ளைக் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போவதென்று பாய் ஒற்றைக் காலில் நின்றார். "இன்ஜினைப் பளபளன்னு பண்ணித் தாரேனுங்க பாய்" என்று வலியப் போய்க் கேட்டது திருமூர்த்திதான். ஐந்து வருடம் முன்பு, ஊரடங்கில் துடியலூரே வெறிச்சோடிக் கிடந்த ஒரு மத்தியானம், அவர் மனைவி கீதாவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. பாய்தான் அந்தக் காரில் ஆஸ்பத்திரி கொண்டு சேர்த்தார். மகள் ஹர்ஷா நல்லபடியாகப் பிறந்தாள். அதற்கு நன்றி சொல்லப் போனபோதெல்லாம் "உடுங்க தம்பி" என்று பாய் பேச்சை மாற்றிவிடுவார். வாயால் சொல்ல விடாத நன்றியைக் கையால் சொல்லலாம் என்று பார்த்தால், கை இந்த லட்சணத்தில் சொல்லியிருக்கிறது!

அந்தப் பழைய மாடலுக்குப் புது மூடி கிடைக்காது என்று எல்லாக் கடைக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். திருமூர்த்தி மூன்று நாள் லீவு போட்டார். முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் அதைவிட நைஸானது, அப்புறம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாள் என்று விரல் நுனி மரத்துப்போகும்வரை தேய்த்தார்.

"ஏனுங்க, பானெட்டுக்குள்ள இருக்கறத யாருங்க பாக்கப் போறாங்க?" என்றாள் கீதா.

"பாய் பாப்பாரு அம்மணி."

அவள் உள்ளே போனாள். ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பாலிஷைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்கத் துணி கருத்தது, மூடி வெளுத்தது. மூன்றாம் நாள் ஹர்ஷா அதில் குனிந்து, விழுந்த பல்லின் இடத்தை ஈயென்று காட்டிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அரித்த மூலை மட்டும் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை, மூடியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய், நடந்ததை மறைக்காமல் பாயிடம் சொல்லிவிட்டார். பாய் அந்த மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, ஊரடங்குல அன்னைக்கு நீங்க வந்து கதவத் தட்டுனப்ப வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு சொன்னேனில்லீங்க?"

"ஆமாங்க. பொறகு சரி பண்ணி எடுத்துட்டு வந்தீங்க."

"வண்டிக்கு ஒண்ணுமே இல்லீங்க. எனக்குத்தான் பயம். நோய் ஊட்டுக்குள்ள வந்துருமோன்னு பயம். பத்து நிமிசம் சாவியக் கையில வெச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்துபோட்டேன். நீங்க நன்றி சொல்றப்பல்லாம் அது குத்துமுங்க. அதான் பேச்ச மாத்துவேன்."

அந்தப் பத்து நிமிஷம் கீதா வாசற்படியில் சுருண்டு கிடந்தது திருமூர்த்தியின் கண்ணில் வந்து நின்றது. கோபம் வரத்தான் செய்தது. கூடவே, மூன்று தெரு தள்ளிக் காரோடு இருந்த சொந்தச் சகலை தனபால் அன்றைக்குப் போனையே எடுக்காததும் ஞாபகம் வந்தது. பாய் பயமே அறியாத ஆள், அதனால் வந்தார் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். மனுஷர் அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு அல்லவா வந்திருக்கிறார்! நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பயந்துக்கிட்டே வந்தீங்களே பாய். அது இன்னும் பெருசுங்க. ரொம்ப நன்றிங்க."

இந்த முறை அமீர் ஹம்சா "உடுங்க தம்பி" என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து, மாட்டுவதற்கு ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.