சாப்பாட்டு மேசையில் ஒரு தவளை

வாலுவுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அதைப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் எப்போதும் வாலுதான். பதினேழு வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை.

பள்ளியின் பந்து அணிக்கு அவள் தலைவி. இறுதிப் போட்டிக்கென்று வந்திருந்த தங்க நிறப் பந்து, தானே பறந்துபோய்த் தானே திரும்பி வருகிற உசத்தியான பந்து, அவள் பொறுப்பில் இருந்தது. மைதானத்தை விட்டு அதை வெளியே எடுக்கக் கூடாது என்று பயிற்சியாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார். வாலு தலையை ஆட்டிவிட்டு, பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கோபுரத்துக்குத் தண்ணீர் மேற்பார்வையாளர். மேலே அத்தனை பேரும் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் அடித்தளத்துக்கு இறங்கி, சுத்தமாகி, மறுபடி மேலே ஏறும். அந்தத் தொட்டி ஒரு குட்டி ஏரி மாதிரி இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத இடமென்று வாலு அங்கே பழகப் போனாள். பந்து பறந்தது, குழாயில் இடித்தது, திரும்புவதை மறந்து தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

வாலுவுக்கு நீச்சல் தெரியாது. நாளைக்குப் போட்டி. அவள் கரையில் உட்கார்ந்து, பயிற்சியாளரிடம் அவிழ்த்துவிட ஒரு நல்ல பொய்யாக யோசித்துக்கொண்டிருந்தபோது, பச்சைத் தவளை ஒன்று தலையை நீட்டியது. சுவரில் படியும் பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் இயந்திரம் அது. கைப்பை அளவு இருக்கும்.

"எடுத்துத் தரவா?" என்றது.

வாலு அதிரவில்லை. அது உடம்பையும் வண்டி மாதிரி சர்வீஸுக்கு விடுகிற காலம். பட்டறையில் உடம்பைப் பிரித்து மேய்கிற வரைக்கும் மனசை ஏதாவது இயந்திரத்தில் ஏற்றி வைப்பார்கள். சில பட்டறைக்காரர்கள் திருப்பி இறக்க மறந்துவிடுவார்கள். அதனால் எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் 'நான் யார் தெரியுமா' என்று ஆரம்பித்தது. அவர்கள் கட்டடத்து லிஃப்ட் தன்னை நீதிபதி என்று சொல்லிக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் வாக்குமூலம் கேட்டது.

"நான் இந்தக் கட்டடத்து முதலாளியம்மாவோட பையன்" என்றது தவளை.

"ஆமா, லிஃப்ட்டு ஜட்ஜு, நீ முதலாளி வீட்டுப் பையன்."

"நம்ப வேணாம். பந்து வேணுமா வேணாமா?"

"வேணும். என்ன கேக்கற?"

"உங்க வீட்டு மேசையில உங்களோட உக்காந்து சாப்பிடணும். சோபாவுல இடம் வேணும். தலையணையில தூங்கணும்."

"நீ பாசிதான திம்ப?"

"சாப்பாடு முக்கியமில்ல. உக்காரணும்."

சத்தியம் என்றாள் வாலு. பந்து கைக்கு வந்த மாத்திரத்தில் படியேறி ஓடிவிட்டாள். மறுநாள் அவள் அணி ஜெயித்தது. தவளை அவள் நினைவிலேயே இல்லை.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் யாரோ ஈரக் கையால் கதவைத் தட்டினார்கள். அப்பா திறந்தார்.

"மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு" என்றது தவளை. "லிஃப்ட் சாட்சி சொல்லச் சொல்லிச்சு. படியிலயே வந்தேன்."

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அப்பா மகளைப் பார்த்தார். "நீ வாக்குக் குடுத்தியா?"

"சும்மா சொன்னேம்பா."

"சும்மா சொல்றதுக்கு உனக்கு வேற எதுவும் கெடைக்கலையா? உள்ள வாங்க தம்பி."

அம்மா நாற்காலியில் இரண்டு மெத்தைகளை அடுக்கி அதன்மேல் தவளையை வைத்தாள். காலித் தட்டின் முன்னால் அது மகாராஜா மாதிரி உட்கார்ந்தது. பிறகு அம்மாவிடம், "இன்னிக்கு வேலை எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டது.

அம்மாவுக்குப் புகார் கேட்கும் அலுவலகத்தில் வேலை. ஊர்ப் புலம்பலையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவளிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். சூப் ஆறிப்போகிற வரைக்கும் சொன்னாள்.

அவ்வளவுதான், வீடு தவளைக்கு எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா அதை 'ராஜா' என்று கூப்பிட்டாள். பம்புகளோடு தான் போடுகிற சண்டையையெல்லாம் அப்பா அதனிடம் கொட்டினார். சோபாவில் வாலு உட்கார்கிற மூலை ஈரமாகிப்போனது. தலையணையில் அது விடிய விடியக் கொப்புளித்தது. நடுவில், "தூங்கிட்டியா?" என்று வேறு கேட்டது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அது மெதுவாகச் சொன்னது: "நேத்து நீ அம்மாகிட்ட மூஞ்சியக் காட்டினது நல்லால்ல. பாவம், அவங்க..."

வாலு அதன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் ஓங்கி அடித்தாள்.

மூடி ஒரு பக்கம் போனது, ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் போயின. பாதிப் பேச்சில் குரல் நின்றது. நிம்மதியாக இருக்குமென்று நினைத்திருந்தாள். இல்லை. அம்மா வந்து, தரையில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினாள். அதைப் பார்க்க வாலுவுக்கு இன்னும் மோசமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

மதியத்துக்கு முன்பே மறுபடி கதவு தட்டப்பட்டது. வெளியே ஒல்லியான பையன் ஒருவன், பட்டறை அங்கியும் வெறுங்காலுமாக, ஒரு காலை நொண்டிக்கொண்டு நின்றான். மணிக்கட்டில் இன்னும் அட்டை தொங்கியது.

"இன்னிக்கு லீவுதானம்மா உங்களுக்கு? தலைவலி விட்டுச்சா?" என்றான்.

அம்மா கையிலிருந்த சில்லுகளை அப்படியே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள்.

ஏற்றி வைத்த இயந்திரம் உடைந்தால் மனசு தானாகத் தன் உடம்புக்கே திரும்பிவிடுமாம். "முட்டியச் சரிபண்ணப் போனேன். உடம்பு ரெடியாத்தான் கெடந்திருக்கு, ரெண்டு வருஷமா, முட்டி மறுபடி இறுகிப்போற அளவுக்கு. வாங்கிட்டுப் போகத்தான் யாரும் வரல" என்றான்.

"உங்க வீட்ல தேடலையா?" என்று கேட்டாள் வாலு.

"நான் என் ரூம்லயே இருக்கேன்னு நெனச்சிருப்பாங்க. எப்பவும் அப்படித்தான் இருப்பேன். சாப்பாடு கதவுகிட்ட வெச்சிட்டுப் போவாங்க." கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு வருஷமா அத யாரு சாப்பிட்டாங்கன்னுதான் தெரியல."

வாலு காலடியில் கிடந்த ஸ்பிரிங் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். "உன்ன அடிச்சது தப்பு."

"வலிக்கல. பறக்கறப்ப பயமா இருந்துச்சு." பிறகு அவன் காது சிவந்தது. "பழைய கதைங்கள்ல இந்த எடத்துல கல்யாணம் பண்ணிப்பாங்க."

"எனக்குப் பரீட்சை இருக்கு."

"எனக்கும் முட்டி இன்னும் சரியாகல" என்றான், பெரிய பாரம் இறங்கினவன்போல.

அப்பா இடைமறித்தார். "கல்யாணம் கெடக்கட்டும். தொட்டியில பாசி ஏறுது, புதுத் தவளை வர மாசக்கணக்காகும். ஒடச்சவ ஒருத்தி, உள்ளேருந்து ஓடி வந்தவன் ஒருத்தன். ரெண்டு பேரும் பிரஷ்ஷ எடுங்க."

தண்ணீரை வடிப்பதற்கு நாளாயிற்று. அதற்குள் பாசி வளர்ந்து தொட்டியே பச்சைக் கம்பளமாகிவிட்டது. அவனுக்கு அதன் ஒவ்வொரு மூலையும் அத்துப்படி. எங்கே வழுக்கும், எங்கே விரிசல் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தான். பாசியைக் கண்டால் மட்டும் நாக்கில் எச்சில் ஊறியது. வாலு பார்க்கவில்லை என்று நினைத்துச் சுவரை ஒருமுறை நக்கியும் பார்த்தான். அவள் பார்த்துவிட்டாள். காறித் துப்பியதையும் பார்த்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

அப்போதுதான் முதலாளியம்மா இறங்கி வந்தார். உச்சி மாடியில் அவர் வீட்டுக் குழாயில் பச்சையாகத் தண்ணீர் வந்திருந்தது. அப்பாவை ஒரு பிடி பிடிப்பதற்காகவே வந்தவர், தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ ரூம்ல இல்லையா?"

"ரெண்டு வருஷமா இல்லம்மா."

முதலாளியம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தட்டினா கோவப்படுவியேன்னு..."

"கோவப்பட்டிருப்பேன். இருந்தாலும் தட்டியிருக்கலாம்."

அப்பா ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்த அம்மா உட்காரவில்லை.

"வீட்டுக்கு வர்றியா?" என்றார். கட்டடத்தையே அதட்டுகிற குரல் அது; இப்போது எழும்பவே இல்லை.

"இத முடிச்சிட்டு வரேன். இன்னும் ரெண்டு சுவர் பாக்கி."

வாலுவுக்கு எதையாவது சொல்லாமல் இருக்க முடியாது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்களும் வந்தா சீக்கிரம் முடியும் ஆன்ட்டி. பூட்ஸ் அங்க மூலையில இருக்கு."

அப்பாவுக்கு முகம் வெளுத்தது. தன் வேலை போய்விட்டதென்றே அவர் முடிவு கட்டிவிட்டார். முதலாளியம்மா தன் செருப்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "சின்ன சைஸ் இருக்கா?" என்று கேட்டார்.

சின்ன சைஸ் இல்லை. பெரிய பூட்ஸிலேயே இறங்கினார். இரண்டாம் அடியிலேயே வழுக்கி, பட்டுப்போன்ற உடையோடு பாசியில் சப்பென்று உட்கார்ந்தார். மகன் நொண்டிக்கொண்டே போய்க் கை கொடுத்தான். எழுந்த பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை. தேய்க்க ஒரு கை போதுமென்று நினைத்தாரோ என்னவோ.

"மேலேருந்து கீழ தேய்க்கணும்மா" என்றான் அவன்.

"தெரியும்" என்றார். தெரியவில்லை.

அன்று மாலை கோபுரத்துக்குத் தண்ணீர் ஏற வெகு நேரமாயிற்று. மாடிக்கு மாடி முணுமுணுத்தார்கள். யாரால் தாமதம் என்று அப்பா ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.