நாற்பது வாட் சகலை

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு, ரொட்டிக்கடைக்காரர் ஒரு கையில் குளிர்ந்த தண்ணீர் டம்ளரையும் மறு கையில் பல்பையும் பிடித்தபோது பல்பு எரிந்தது. நாற்பது வாட். சில்லென்று எதைத் தொட்டாலும் விரல் நுனி சுரீரென்று இழுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. மறுநாள் தெருவே பல்பும் கையுமாக அவர் வாசலில் நின்றது.

பதறியவர் ஒருவர்தான். எதிரே கடிகாரக்கடை வைத்திருந்த சகலை. அக்காவை இவரும் தங்கையை அவரும் கட்டியிருந்தார்கள். இருவருக்கும் பெருங்குடலில் புற்றுநோய்; ஒரே வாரத்தில், ஒரே டாக்டர் கையால் அறுவை சிகிச்சை. கடிகாரக்காரருக்குக் கட்டி குடல் சுவரைத் தாண்டவில்லை, வெட்டியதோடு சரி. ரொட்டிக்கடைக்காரருக்கு நான்கு நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய மிச்சத்தை அழிக்க, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கீமோ. தப்பித்தவர் மகிழ்ந்திருக்க வேண்டும். அவருக்கோ, வெட்டியது போக மிச்சமிருந்த வயிறெல்லாம் எரிந்தது. டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டார்.

"எனக்கும் ரெண்டு கீமோ போட்டா என்ன டாக்டர்?"

"உங்களுக்கு அழிக்க ஒண்ணுமில்லையே. எதுக்கு வீணா உடம்பைக் கெடுத்துக்கணும்? வீட்டுக்குப் போங்க."

"கீமோ போடலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் கடிகாரக்காரரின் மனைவி.

பத்தாவது கீமோ முடிந்தபோது வெளிச்சம் நூறு வாட்டுக்கு ஏறியிருந்தது. ஒரு காலை, கூட்டம் சேருமுன், ரொட்டிக்கடைக்காரர் சட்டை திறந்து கிடக்கத் தெருவைக் கடந்து வந்தார்.

"விரலே மரத்துப்போச்சு சகலை. மாவைத் தொட்டாலும் தெரியல. இன்னும் ரெண்டு பாக்கி. நிறுத்திடலாம்னு இருக்கேன்."

நிறுத்தினால் வெளிச்சம் போகும், கூட்டம் கலையும். 'நிறுத்துங்க' என்ற சொல் கடிகாரக்காரரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அந்தப் பொடி ஸ்க்ரூவ நீங்க தூக்குறதைப் பாத்தா," என்றார் மற்றவர், "அப்படி வயிறு எரியுது எனக்கு."

கடிகாரக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார். மாதக்கணக்கில் எரிந்த வயிறு அந்த நிமிடம் குளிர்ந்தது. எழுந்து சகலையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

"மிச்ச ரெண்டையும் முடிச்சிட்டு வாங்க. பொத்தான் என் பொறுப்பு."

தினமும் போட்டார். இரண்டும் முடிந்தன. ஐந்து வருடமாக எந்த ஸ்கேனிலும் எதுவும் இல்லை. ரொட்டிக்கடைக்காரரின் விரல்களுக்கு உணர்ச்சி முக்கால்வாசி திரும்பியது, வெளிச்சம் நின்றது. கடைசியாக அவர் தொட்ட பல்பு மட்டும் கம்பி ஏதுமின்றிக் கடிகாரக்கடையில் எரிகிறது. அதன் கீழேதான் கடிகாரக்காரர் ஸ்க்ரூ தூக்குகிறார். யாராவது வியந்தால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்.

"எரியுது. ஆனா கொஞ்சம் மஞ்சள்."