ஜிடினின் சுண்டு விரல்

நோன்புப் பெருநாள் வந்து போனது. ஜிடினின் வயிறு மட்டும் வந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

நோன்பு மாதம் முழுக்க ஒட்டிக் கிடந்த வயிறு அது. பெருநாள் மாதமான ஷவ்வால் பிறந்ததும் வீடு வீடாகப் போய் ரெண்டாங் இறைச்சியும், மூங்கிலில் வெந்த லெமாங் சோறும் ஏற்றிக்கொண்டது. ஏற்றியதுதான், இறக்கவில்லை. பேராக் ஆற்றில் அவர் படகேறினால் முன்பக்கம் தண்ணீருக்குள் போகும். மீன்கள் வந்து வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். இதில் பொய்யில்லை. மீன்களே வெளியே சொன்ன விஷயம்.

தொலையட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் மாதக் கடைசியில் மகள் ரபேயாவின் கல்யாணம். மணமக்கள் முன்னால் சிலாட் என்னும் தற்காப்பு ஆட்டம் ஆட வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் தரையைத் தொடக் குனிந்து வணங்கி எழ வேண்டும். மகள் தொட்டிலில் கிடந்தபோதே அவளுக்குக் கொடுத்த வாக்கு.

வாசலில் ஒத்திகை பார்த்தார். குனிந்தார். எழவில்லை. கோழிகள் முதுகிலேறி இடம் பிடித்துக்கொண்டன. ஒன்று முட்டையும் இட்டது.

இளவயது முதல் அவரோடு சிலாட் ஆடும் குலூப் வேலியோரம் நின்று ரசித்தார். "என்ன ஜிடின், ஆமை வேஷமா? பேசாம மேடைப் பக்கம் உக்காந்து மாப்பிள்ளைக்கு விசிறு. நான் ஆடிக்கிறேன்."

"உன் ஆட்டத்தப் பாத்தா மாப்பிள்ளை ஓடிருவாருடா!"

"ஓடட்டுமே. அவராலயாவது ஓட முடியுது."

மனைவி சியா வந்து கோழிகளை இறக்கி, பிறகு கணவரைத் தூக்கினாள். "இன்னையிலேர்ந்து ரெண்டாங் கிடையாது. காலையில பப்பாளி. சோத்துக்குப் பச்சை இலை. நிறைய தண்ணி."

"நான் என்ன ஆடா, சியா?"

"ஆடு குனிஞ்சா எந்திரிச்சிரும், பாங்." கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்று முதல் தட்டில் வல்லாரை, முந்திரிக் கொழுந்து, நாற்றத்துக்குப் பேர்போன பெத்தாய்க் கொட்டை. தொட்டுக்கொள்ள, இறால் விழுதும் மிளகாயும் அரைத்த பெலாச்சான் சம்பால். பெத்தாயைத் தின்றவர் வாயைத் திறந்தால் கொசு ஊரை விட்டே போய்விடும். ஜிடின் முதலில் முனகினார். பிறகு சத்தமில்லாமல் இரண்டாம் பிடி இலை கேட்டார்.

தொல்லை பெருநாள் விருந்துகளில்தான். நீட்டிய பதார்த்தத்தைத் தொடாமல் எழுந்தால் வழியில் முதலை பிடிக்கும், இல்லாவிட்டால் பூரானாவது கடிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. சாப்பிட முடியாதவர் விரலால் தொட்டு உதட்டில் வைத்தால் போதும், ஆபத்தில்லை. சியாவுக்கும் முதலைப் பயம் உண்டு, தொட அனுமதித்தாள். ஜிடின் ஐந்து விரலாலும் தொட்டார். அடுத்த வீட்டில் மணிக்கட்டு வரை தொட்டார். வாத்தியார் வீட்டில் முழங்கையில் வழிந்த குழம்பையும் வீணாக்கவில்லை.

"பாங், முதலைக்குச் சுண்டு விரல் ஒண்ணு போதும்," என்றாள் சியா. குரல் தணிவாகத்தான் இருந்தது. அதனாலேயே அவர் பயந்தார்.

போகப் போக உடம்பெல்லாம் இளைத்து, சுண்டு விரல் மட்டும் பருத்துவிட்டது. சட்டைக் கைக்குள் நுழைய அதற்கு மட்டும் எண்ணெய் தேவைப்பட்டது.

ஆனாலும் வயிற்றுக்குள் பழைய சரக்கு கொஞ்சம் அசையாமல் கிடந்தது. கல்யாணத்தன்று காலை பப்பாளி தின்று, வெந்நீர் குடித்துவிட்டுக் கவலையோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று உள்ளே ஒரு முழக்கம். மேளம் தொடங்கிவிட்டதென்று நினைத்து, அக்கரையிலிருந்த மாப்பிள்ளை ஊர்வலம் அவசரமாகப் படகேறியது. ஜிடின் கொல்லைப் பக்கம் பறந்தார். திரும்பி வந்தபோது சரோங் அவரை இரண்டு சுற்றுச் சுற்றியது. ஆற்றுக்காற்று அடிக்கும்போதெல்லாம் சியா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு எதிராளியாகக் குலூப் இறங்கினார். "எந்திரிக்க முடியலேன்னா கூப்பிடு. கோழியோட வர்றேன்."

மேளம் கொட்டியது. ஜிடின் குனிந்தார். சுண்டு விரல் முதலில் தரையைத் தொட்டது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. மேடையில் ரபேயாவும்தான். அவர் எழுந்தார் பாருங்கள், உடம்பு முதலில் எழுந்தது, கால்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன!

குலூப் கழுத்தைப் பூட்ட நெருங்கினார். ஜிடின் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்:

"வாடா!"

மாதம் முழுக்கத் தின்ற பெத்தாய் அந்த வார்த்தையோடு வெளியே வந்தது. குலூப் பின்வாங்கினார், கூட்டத்தைக் கடந்து, சமையல் பந்தலைக் கடந்து, தென்னையில் முதுகு முட்டிய பிறகுதான் நின்றார். அது தன் குரு கற்றுத் தந்த அடவு என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

மணப்பெண் மேடையில் தலைகுனிந்து அசையாமல் இருக்க வேண்டும். ரபேயா பல் தெரியச் சிரித்தாள். தலையில் குத்தியிருந்த பொன்பூக்களெல்லாம் குலுங்கின.

விருந்தில் பழக்கதோஷத்தில் ஜிடின் ரெண்டாங் சட்டியை நோக்கிச் சுண்டு விரலை நீட்டினார். சியா பெரிய துண்டாக ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"இன்னைக்கு முழுக் கையாலயும் சாப்பிடுங்க, பாங்."

அவர் அந்தத் துண்டை வல்லாரை இலையில் சுற்றி, கண்ணை மூடி மென்றார்.

எதிரே குலூப் நாலாம் தட்டு ரெண்டாங்கை முடித்துவிட்டு எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். கோழி ஒன்று மெதுவாக அவர் பக்கம் நடந்து வந்தது.

"சியா," என்றார் குலூப் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பப்பாளி இன்னும் இருக்கா?"