வடக்குச் சுவருக்கு வெளியே

அந்தக் கோடையில் மழையே இல்லை. நீர்த்தேக்கம் வற்றி, அதன் அடியில் கிடந்த ஸ்வின்தோர்ப் கிராமம் வெளியே வந்துவிட்டது. எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்துக்கு இதைவிடப் பெரிய திருவிழா வேண்டுமா? அடுத்த சனிக்கிழமையே ரப்பர் பூட்ஸும் தேநீர் பிளாஸ்க்குமாகக் கிளம்பிவிட்டோம்.

என் காரில் எட்னா வந்தார். எண்பத்தேழு வயது. ஸ்வின்தோர்ப்பில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, தண்ணீர் வருமுன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்தவர். மடியில் தோட்டத்து டெய்சிப் பூக்கள்.

"பூவெல்லாம் ஞாயித்துக்கிழமைதானே? இன்னிக்கு எதுக்கு?" என்றேன்.

"அவ மொதல்ல படுத்திருந்த இடத்தையும் ஒரு தடவ பாத்துடலாம்னுதான் பெவ்."

'அவ' என்றால் அவருடைய ஒரே குழந்தை. செத்தே பிறந்தது. அந்தக் காலத்தில் தாய்க்கு முகம்கூடக் காட்டமாட்டார்கள். கணவர் வில்ஃப் சால்வையில் சுற்றி எடுத்துப் போனார். பிறகு நீர்த்தேக்கம் வந்தபோது, தேவாலயக் கல்லறைகளைத் தோண்டி எங்கள் ஊருக்கு மாற்றினார்கள். அந்த வேலையில் வில்ஃபும் இருந்தார். "நம்ம பாப்பாவும் வந்துட்டா" என்று அவர் சொன்ன நாளிலிருந்து, ஞாயிறுதோறும் எட்னா, எங்கள் ஊர் இடுகாட்டில் அப்படி மாற்றி வந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து நட்ட பொதுக் கல்லுக்குப் பூ வைக்கிறார். வில்ஃபும் இப்போது அதன் பக்கத்தில்தான் இருக்கிறார்.

பள்ளத்தாக்கில் எங்கள் தலைவர் கிளிஃபர்ட் விசில் ஊதிக் கூட்டம் சேர்த்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

"ஊதாதே கிளிஃபர்ட், செத்தவங்க எழுந்து வந்துடப் போறாங்க" என்றாள் எங்கள் கழகத்து மேவிஸ்.

"வர்றதுக்கு இங்க யாரும் இல்ல. ஒருத்தர் விடாம மாத்தியாச்சு. என் புத்தகத்துல கடைசி அத்தியாயம், படிக்கலையா?"

"அதுக்கு முன்னாடியே தூங்கிட்டேனே!"

தேவாலயத்தின் சுற்றுச்சுவர் முழங்கால் உயரத்துக்கு மிஞ்சியிருந்தது. வடக்குப் பக்கம் மட்டும் இன்னும் ஆளுயரம் நின்றது. கிளிஃபர்ட் வழக்கம்போலச் சுவரிலிருந்து உள்நோக்கி அளவு நாடாவை இழுத்தார். எங்கள் கழகம் எந்தத் தேவாலயத்தை அளந்தாலும் அப்படித்தான். சுவருக்கு வெளியே அளக்க என்ன இருக்கிறது?

மேவிஸ் அவசரத்துக்கு வடக்குச் சுவரின் பின்னால் ஒதுங்கினாள். போன வேகத்தில் குரல் வந்தது.

"பெவ், நீ மட்டும் வா!"

வெடித்த சேற்றில் ஐந்து சின்ன வளையங்கள். வெள்ளைக் கற்களால் வளைத்தவை. ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவுதான்.

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைங்க" என்று மேவிஸ் கிசுகிசுத்தாள். "பாதிரியார் உள்ளே விடமாட்டாராம். அப்பன்மாரே கொண்டாந்து இங்க வச்சுட்டுப் போவாங்கன்னு எங்கம்மா சொல்லுவா."

கல்லறைகளை மாற்றியவர்களும் எங்களைப் போலத்தான். சுவருக்கு உள்ளே இருந்ததை மட்டும்தான் தோண்டியிருக்கிறார்கள். செத்தே பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் ஏது?

"எட்னாகிட்ட சொல்லிடாதே" என்றாள் மேவிஸ். "அவ ஞாயித்துக்கிழமையப் பறிச்சிடாதே."

திரும்பினால், தடியை ஊன்றிக்கொண்டு எட்னா நின்றிருந்தார்.

எங்களைத் தாண்டி நடந்தார். முதல் வளையத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். மற்றவற்றில் கற்களைச் சும்மா பதித்திருந்தார்கள். இதில் ஒரு கல் நின்றது, அடுத்தது படுத்தது, மறுபடி ஒன்று நின்றது. வில்ஃப் கல்சுவர் கட்டும் தொழில் செய்தவர். எட்னா வீட்டுக் கொல்லையில் ரோஸ்மேரிச் செடிக்கு அவர் கட்டியதும் இதே வரம்புதான். அங்கே உட்கார்ந்து எத்தனையோ தடவை நான் தேநீர் குடித்திருக்கிறேன்.

"வில்ஃப் கை" என்றார் எட்னா.

"அங்க என்ன பண்றீங்க? அது சுவருக்கு வெளியே…" என்று வந்த கிளிஃபர்ட், பாதியில் நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்.

"அவனும் இப்படித்தான் கழட்டிட்டு நிப்பான்" என்றார் எட்னா. "ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்துல. அங்க அவ இல்லேன்னு தெரிஞ்சே நின்னிருக்கான், பாவி."

கிளிஃபர்ட் ஓரடி முன்னால் வந்தார்.

"அனுமதி வாங்கிடலாம் எட்னா. கழகமே முன்ன நின்னு, முறையா எடுத்து…"

"தோண்டினா என்ன இருக்கும்? மறைக்காம சொல்லு."

கிளிஃபர்ட் தொப்பியைப் பார்த்தபடி சொன்னார். "இந்த மண்ணுல, இவ்வளவு காலத்துக்கு அப்புறம்… ஒண்ணும் இருக்காது."

"அப்ப விடு. அவ அப்பன் கட்டினதாவது இருக்கட்டும்."

ஒரு கல் சாய்ந்திருந்தது. எட்னாவுக்கு முழங்கால் மடங்காது. "அது நிக்கிற கல்லு கண்ணு. நிமித்தி வை" என்றார். நான் மண்டியிட்டு நிமிர்த்தினேன். பூக்களையும் என் கையில்தான் கொடுத்தார். மேவிஸ் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நாங்கள் அளந்து முடிக்கும்வரை எட்னா அங்கேயே உட்கார்ந்திருந்தார். கிளிஃபர்ட் அதற்குப் பிறகு விசில் ஊதவில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. நீர்த்தேக்கம் ஏரியாக நிரம்பி, ஸ்வின்தோர்ப் மறுபடி முழுகியது.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல எட்னாவைக் கூட்டிப்போகப் போனேன். இடுகாட்டு வாசலில் வண்டியை நிறுத்தப் பார்த்தால், "நிறுத்தாதே, ஏரிக்கு விடு" என்றார்.

"வில்ஃபைப் பாக்கலையா?"

"கொஞ்ச நாள் அவன் தனியா இருக்கட்டும்."

ஏரிக்கரையில் நல்ல காற்று. எட்னா தண்ணீரில் வீசிய பூக்களை அலை கரைக்கே தள்ளிக்கொண்டு வந்தது.

"வேண்டாங்கிறாளா பெவ்?"

"காத்துதான் எட்னா, வேற ஒண்ணுமில்ல."

அவர் தடியின் நுனியால் ஒவ்வொரு பூவாக மறுபடி தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.