முதல் வரி

"ஏழு மோதிரம், சார். ஏழு சாம்பியன் பட்டம். உங்க ஆளுகிட்ட எத்தனை?"

"மோதிரத்தை எண்ணிச் சொல்றதுன்னா நகைக்கடைக்காரன்தான் உலகத்துலயே பெரிய குவார்ட்டர்பேக்."

"பிரேடி பத்து தடவை சூப்பர் பவுலுக்குப் போயிருக்கான்."

"மூணு தடவை தோத்துட்டு வந்திருக்கான். அதையும் சொல்லு. மொன்டானா நாலு தடவை போனான், நாலும் ஜெயிச்சான். இந்த ஆத்தோரத்துல வளந்த பையன் அவன். தோக்கத் தெரியாது."

நர்ஸ் ஜனெல் சிரித்துக்கொண்டே படுக்கை விரிப்பின் ஒரு ஓரத்தை இழுத்தாள். மறு ஓரத்தை கிளெம் பிடித்திருந்தார். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் யார் பெரியவன் என்பதுதான் சண்டை; அவள் பிரேடி கட்சி, அவர் மொன்டானா கட்சி. இருவருக்கும் நடுவே, சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார் எமில் ஹூடாக், கிளெமின் அண்ணன். எண்பத்தொரு வயது. பேச்சு நின்று இரண்டு நாளாகிறது. அவர் முதுகு சரிந்துவிடாமல் தலையணையை அணைத்துப் பிடித்திருந்தாள் லோர்னா, அவருடைய மகள். அவள் தலைமுடியைக் கழுவி ஐந்து நாள் ஆகியிருந்தது.

"அவர் கட்சி என்ன?" ஜனெல் எமிலைக் கண்ணால் காட்டினாள்.

"யுனைட்டஸ்," என்றார் கிளெம், ஏதோ தீராத நோயின் பெயரைச் சொல்வதுபோல. "எங்க சின்ன வயசு ஆட்டக்காரன். அறுபது வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதே பாட்டு."

எமிலை மல்லாக்கக் கிடத்திவிட்டு ஜனெல் கிளம்பும்போது லோர்னா வாசல்வரை போனாள். வெளியே பனி அழுக்காகக் கிடந்தது.

"மூச்சுக்கு நடுவுல இடைவெளி கூடிக்கிட்டே போகும். எண்ணிக்கிட்டிருங்க," என்றாள் ஜனெல். "முப்பதைத் தாண்டினா என்னைக் கூப்பிடுங்க. அவர் இன்னைக்கு சாயங்காலத்தைத் தாண்ட மாட்டார்னு நினைக்கிறேன். பேச வேண்டியது ஏதாவது இருந்தா பேசிடுங்க."

லோர்னா தலையாட்டினாள். அவளுக்குப் பேச எதுவும் இருக்கவில்லை. மூன்று வாரமாக அவரைக் குளிப்பாட்டியதிலும் ஸ்பூனால் ஊட்டியதிலும் எல்லாம் பேசியாயிற்று என்றுதான் தோன்றியது. அப்பா இன்னும் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. கிளெம் சித்தப்பா தினமும் மதியம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அப்பாவால் பதில் சொல்ல முடியாமல் போன பிறகும் விவாதம் நிற்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சித்தப்பாவே பேசினார்.

காபி போட சமையலறை அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம், எக்காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக்குகள் என்று சகோதரர்கள் போட்ட பட்டியல் ஒட்டியிருந்தது. ஒன்று முதல் பத்து வரை எண்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் அழித்து அழித்து எழுதி, காகிதம் துணிபோல ஆகிவிட்டது. மூன்றாவது இடத்தில் ஓட்டோ கிரகாம். அது சகோதரர்களின் நண்பர் வால்ட் கோசர் எழுதவைத்த பெயர்; அவர் இறந்த பிறகு அதில் மட்டும் யாரும் ரப்பர் வைத்ததில்லை. முதல் வரி வெறுமையாக இருந்தது. சகோதரர்கள் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அதில் எழுதலாம் என்பது விதி.

"சித்தப்பா, கொஞ்சம் இங்க வாங்க."

கிளெம் வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். வீட்டுக்குள்ளும் சற்றுக் குனிந்தே நடப்பார்.

"அவருக்குக் காது கேக்குதாம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும்."

"சொல்லும்மா."

"யுனைட்டஸ்தான்னு சொல்லிடுங்க. ஒரு தடவை. அவர் ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

கிளெம் அலமாரிக் கதவையே பார்த்தார். "முடியாது."

"பொய்தானே. அதனால யாருக்கு என்ன நஷ்டம்? நானும் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? அவர் எதுக்காக இழுத்துக்கிட்டிருக்கார்னு எனக்குப் புரியல."

"வால்ட் ஆஸ்பத்திரியில கிடந்தான்ல," என்றார் கிளெம். "நானும் உங்கப்பாவும் போனோம். பாவமா இருந்துச்சு. கிரகாம்தான்டா பெரியவன், நீ சொன்னதுதான் சரின்னு ரெண்டு பேரும் சொன்னோம். அவன் எங்களை மாறி மாறிப் பாத்தான். அப்புறம் கேட்டான், 'டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்?'"

காபி இயந்திரம் இருமியது.

"அதுக்கப்புறம் அவன் எங்ககிட்ட பேசல. திரும்பிப் படுத்துக்கிட்டான். கார்ல வரும்போது உங்கப்பா சொன்னான், 'கிளெம், எனக்கு இதைப் பண்ணிடாதே'ன்னு."

லோர்னா இரண்டு கோப்பைகளிலும் காபியை ஊற்றினாள். கோபப்படவும் தெம்பில்லை.

அறைக்குத் திரும்பியபோது ஆக்சிஜன் இயந்திரம் சீராக முனகிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே லோர்னா எண்ணியது பதினான்கு. பிறகு பதினாறு. கிளெம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். பந்தை அடுத்து எப்படி நகர்த்தணும்னு யுனைட்டஸ் தானே முடிவு பண்ணுவான், மத்த பத்து பேரும் அவன் வாயையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. சரி. ஆனா எமில், கடைசி மூணு நிமிஷம் இருக்கு, பந்து உன் கையில இருக்கு. அப்ப யாரைக் கூப்பிடுவே? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு."

எமிலின் கண் திறந்தது. முதலில் லோர்னாவுக்கு அது வெறும் இமை அசைவு என்றுதான் பட்டது.

"கிளெம்."

கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கிளெம் அப்படியே பிடித்திருந்தார்.

"மொன்டானாதான்," என்றார் எமில். காய்ந்த உதடுகளை ஒருமுறை மூடித் திறந்தார். "நீ சொன்னதுதான் சரி."

தம்பியை முழுதாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் தடுமாற்றம் எதுவும் இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல," என்றார் கிளெம். "இல்ல, இரு. நாப்பத்தேழு ஆட்டம், எமில். வரிசையா நாப்பத்தேழு. ஒண்ணுலகூட எறிஞ்சு டச் டவுன் புள்ளி வாங்காம யுனைட்டஸ் வெளியே வரல. அம்பது வருஷம் ஒருத்தனும் அதைத் தொடல. அந்தக் காலத்துல எறியிறவனை எப்படி அடிப்பாங்க, நீதானே சொல்லுவே? மூக்கு உடைஞ்சாலும் ஆடுவான்னு நீதானே சொன்னே?"

காபி அவர் முழங்காலில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை. லோர்னா கோப்பையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, எண்ணத் தொடங்கினாள். இருபது. இருபத்தெட்டு. முப்பதில் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்பது நினைவிருந்தது. நாற்பதில் எண்ணுவதை நிறுத்தினாள். கோப்பை இன்னும் சூடாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு வண்டியின் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை யார் நிறுத்துவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கிளெம் அண்ணனின் கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அதை வாபஸ் வாங்கிக்கோ, எமில்," என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம். இப்ப வாபஸ் வாங்கிக்கோ."