போணி ஆகும் வரை

"இன்னும் போணி ஆகலக்கா. கொஞ்சம் நில்லுங்களேன்" என்றாள் காய்கறிக் கடை நவமணி.

ஜோசலின் தலையாட்டினாள். மழை கூடாரத்தின் நான்கு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. மலேசியாவின் ஈப்போ நகரத்து ஓரத்தில், கார் நிறுத்தும் திடலில் ஞாயிறு தவறாமல் கூடும் பாசார் தானி அது. தோட்டக்காரர்களும் பண்ணைக்காரர்களும் தாங்களே கொண்டுவந்து விற்கும் சந்தை. வழக்கமாக இந்நேரம் நடக்க இடமிருக்காது. இன்று மழையால் ஒரு ஈ, காக்கை இல்லை.

ஜோசலின் வாங்க வரவில்லை. ஓர் அறநிறுவனம் கொடுத்த உணவு அட்டை அவளிடம் இருந்தது. அதைக் காட்டினால் கடையில் அரிசி, எண்ணெய், முட்டை கிடைக்கும். போன மாதத்திலிருந்து அந்த அட்டை வேலை செய்யவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டால் பாட்டு மட்டும் ஓடியது. இதைக் கேள்விப்பட்ட சந்தைக்காரர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அட்டை சரியாகும்வரை அதைக் கொண்டுவரும் குடும்பங்களுக்குக் கறிகாயும் முட்டையும் சும்மா கொடுப்பது. இரண்டு ஞாயிறாக அப்படித்தான் ஜோசலின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆனால் அப்போதெல்லாம் அவள் வெயிலேறி வந்தாள். இன்று விடிந்ததும் வந்துவிட்டாள்.

காரணம் இருந்தது. அவள் கணவன் கிளென் லாரியிலிருந்து விழுந்து கால் உடைந்து கிடந்தான். வீட்டில் வெறும் கஞ்சியாகப் போனபோது, அவனுடைய அக்கா ட்ரேசி வந்து ஏழு வயது மகள் ஜெனிஷாவைத் தன் ஊரான கமுந்திங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை மெலிந்துபோனதைப் பார்த்து அழுதவள் அவள்தான். நேற்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்குக் காலையில பசியாற பாப்பாவோட வாரேன். அடுப்புல சோறு கறி இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லன்னா திங்கக்கிழமை இங்கயே ஸ்கூல்ல போட்டுருவேன். எனக்கு மத்தியானம் பெக்டரில ஷிப்ட்டு இருக்கு, லேட் பண்ணாத."

வீட்டில் அரிசி ஒரு பிடி இருந்தது. கறிக்கு ஒன்றுமில்லை.

"முட்டைக்காரண்ணே, நீங்களாச்சும் குடுங்களேன்" என்றாள் நவமணி, பக்கத்துக் கடை ஸ்டானிஸ்லாஸைப் பார்த்து. ஆயர் தாவாரில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். "நீங்க மாதா கோயிலுக்குப் போற ஆளு. உங்களுக்கு ஏது போணி?"

"கோயில் வேற, வியாபாரம் வேறலா. மாதாவே வந்தாலும் போணி ஆனாதான் முட்டை."

"அப்ப நான் உங்ககிட்ட வாங்குறேன், நீங்க என்கிட்ட வாங்குங்க. ரெண்டு பேருக்கும் ஆயிரும்."

"கடைக்காரன் கடைக்காரன்கிட்ட வாங்குனா அது போணியா? என்னா நீ, நேத்து வியாபாரத்துக்கு வந்த மாதிரி பேசுற!"

நவமணி சிரித்தாள். ஜோசலினும் சிரித்தாள். அவளுடைய அம்மா எஸ்டேட் வாசலில் சம்பள நாளில் மீன் விற்றவர். முதல் வியாபாரம் காசுக்கு நடக்கும் முன் ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா வெளியே போனாலும் அன்றைய பொழப்பு நாசம் என்று நம்பியவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் எந்த வாயால் அவசரப்படுத்துவாள்? சும்மா கொடுப்பவர்களின் பொழப்பை அவளே கெடுப்பதா?

"பரவால்ல நவமணி. நான் நிக்கிறேன்."

பிள்ளை வருகிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நவமணி போணியாவது ஒன்றாவது என்று பையை நீட்டியிருப்பாள். அது தெரிந்ததால்தான் ஜோசலின் வாயைத் திறக்கவில்லை.

மழை விடவில்லை. ஒரு கார் வந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதைக் கிளெனிடம் விட்டு வந்திருந்தாள். அவர்கள் வந்துவிட்டார்களா என்று கேட்கவும் வழியில்லை. அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"உக்காருங்கக்கா. என்னா, கோர்ட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்று நவமணி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

ஜோசலின் உட்காரவில்லை.

கடைசியில் குடை பிடித்துக்கொண்டு ஒரு சீனக் கிழவி வந்தாள். பயத்தங்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள். கத்தரிக்காயை அழுத்தினாள். விலையைக் குறை என்று மலாயில் சண்டை போட்டாள். நவமணி கிழவி கேட்ட விலைக்கே விட்டுக்கொடுத்து, காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிழவி அப்படியே முட்டையும் வாங்கினாள்.

"ஆச்சுக்கா!" நவமணி இரண்டு பை நிறையக் கட்டினாள். முருங்கைக்கீரை, பயத்தங்காய், தக்காளி, கேட்காமலே ஒரு பப்பாளி. "புள்ளைக்குக் குடுங்க." ஸ்டானிஸ்லாஸ் ஒரு தட்டு முட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

முட்டை உடையாமல் மோட்டார் சைக்கிளை ஓட்ட வேண்டியிருந்தது. வேகமாகப் போகவும் முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய எஸ்டேட்டின் சடக்கில், பாதைக் குழிகளெல்லாம் தண்ணீர்.

லயத்து வீட்டு வாசலில் கார் இல்லை. கிளென் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் வரலியா?" என்றாள்.

"வந்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க."

ஜோசலின் மோட்டாரை நிறுத்தக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மார்க்கெட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். கறிகா வாங்க இவ்ளோ நேரமான்னு கேட்டா அக்கா. நான் என்னா சொல்ல? ஷிப்ட்டுக்கு லேட்டாவுதுன்னு கெளம்பிட்டா."

"ஜெனிஷா?"

"பானைய தொறந்து பாத்தா." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அழல. அழுதிருந்தா அக்கா விட்டுட்டுப் போயிருப்பா. பசிக்கலப்பா, வர்ற வழியில ரொட்டி தின்னேன்னு சொல்லுச்சு. என்னைய தேத்துதுலா, அது."

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கீரையை ஆய்ந்தாள். முட்டை பொரித்தாள். வாசனை லயம் முழுக்க அடித்தது. இருவரும் தட்டில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை ட்ரேசி ஒரு படம் அனுப்பினாள். புதுச் சீருடையில் ஜெனிஷா.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். ஜோசலின் தூரத்தில் வரும்போதே நவமணி கத்தினாள். "வாங்கக்கா! இன்னிக்கு நிக்க வேணாம். விடியறதுக்கு முன்னயே அண்ணன்கிட்ட முட்டை வாங்கி, அவரு என்கிட்ட வெண்டிக்கா வாங்கி, போணிய முடிச்சுட்டோம். அண்ணன் ஒரே புலம்பல். கெடக்குது போங்கன்னுட்டேன். போன வாரம் நீங்க மழையில நின்னத நெனச்சு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன. நவமணி இரண்டையும் நீட்டினாள்.

ஜோசலின் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"இதையும் பிடிங்கக்கா, புள்ளைக்கு."

"ஒன்னு போதும் நவமணி. வேற யாருக்காச்சும் குடு."

நவமணியின் கை நீட்டியபடியே நின்றது.

"அது கமுந்திங்ல நல்லா சாப்பிடுதாம்" என்றாள் ஜோசலின். பையைத் தூக்கிக்கொண்டு, மோட்டார் நிற்கும் பக்கம் நடந்தாள்.