அளவுக்கு ஒருத்தி

இவளுக்கு ஒரு மூக்காவது வைத்திருக்கக் கூடாதா, படுபாவி?

பூதக்கண்ணாடியைப் பழைய ஓவியத்தின் மேல் நகர்த்தி நகர்த்தித் தேடிவிட்டாள். இல்லை. கடல் கடந்து வந்த அந்த ஐரோப்பிய ஓவியன், கோயில் கோபுரத்தின் ஒவ்வொரு பொம்மைக்கும் கண், புருவம், விரல்நுனி எல்லாம் வரைந்திருந்தான். கீழே நிற்கும் பெண்ணுக்கு மட்டும் பழுப்பு நிறத்தில் தூரிகையின் ஒரே இழுப்பு. கோபுரம் எவ்வளவு உயரம் என்று காட்ட அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை; வாங்கி விற்பது கணவன் வேலை. வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேசை, பஞ்சு சுற்றிய குச்சிகள், சாயத்தைக் கரைத்தெடுக்கும், நெடியடிக்கும் கரைப்பான் பாட்டில்.

கணவன் வாசலில் நின்றபடியே கேட்டான்.

"இன்னும் அந்தம்மா போகலையா?"

"போகல."

"வாங்குறவர் கோபுரம் மட்டும் போதும்கிறார். நடுவுல இது எதுக்கு, திருஷ்டிப் பொட்டு மாதிரி? பின்னாடி வேற யாரோ சேர்த்ததுன்னு சொல்லிட்டேன். தொடைச்சு விட்டுடு."

"இல்லங்க, அவனே வரைஞ்சதுதான். கோபுரத்துச் சாயத்துல விழுந்த விரிசல் அப்படியே இவ மேலயும் ஓடுது பாருங்க. பின்னாடி பூசியிருந்தா விரிசலை மூடியிருக்கும்."

"விரிசலை யாரும்மா பாக்கப் போறா? உன்னை விட்டா அவளுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிடுவ போல."

சிரித்தான். வருகிறவர்களிடம் அவளைக் காட்டி, "இவ சும்மா கூடமாட ஒத்தாசை" என்பான். அப்போதெல்லாம் அவன் ஓர் அங்குலம் உயர்ந்து தெரிவான். முன்பு அதற்கு அவளுக்குக் கோபம் வரும். பிறகு அழுகை வந்தது. இப்போது வற்றிய கிணறு மாதிரி, உள்ளே வாளி விட்டால் தரைதான் தட்டுகிறது.

அந்தப் பெண்ணை விரலால் மறைத்துப் பார்த்தாள். கோபுரம் சுருங்கி, அலமாரியில் வைக்கிற பொம்மையானது. விரலை எடுத்தாள். மறுபடி வானத்தை முட்டியது. இருந்தும் என்ன? வரைந்தவனே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு, என்ன?"

தான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள். அந்தப் பெண் போய்விடுவாள்; பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"என்னால முடியாதுங்க."

"முடியாதா, மாட்டியா?"

கரைப்பான் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"மாட்டேன்."